பின்சக்கர டிரம் பிரேக்: மூடிக் கிடக்கும் பாகத்தைப் பராமரிக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஓடும் கார்களில் பெரும்பகுதி சிறிய, சிக்கனமான உள்ளூர்க் கார்களே. 1994-இல் விற்பனைக்கு வந்த பெரோடுவா கன்சில் இன்னும் செம்பனைத் தோட்டங்களின் மண்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பின் வந்த விவா, மைவி, ஆக்சியா ஆகியவையும், புரோட்டோன் சாகாவும் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. முன்பக்க டிஸ்க்கை ரிம்மின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம். பின்பக்க டிரம்மோ முழுக்க மூடியிருக்கிறது. கழற்றினால் ஒழிய உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. இதனாலேயே ஒவ்வொரு சர்வீசிலும் முன் பிரேக் பேடை மாற்றுகிறவர்கள்கூடப் பின் டிரம்மை ஆண்டுக்கணக்கில் திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். திறக்காமலேயே அதன் நிலையை ஓரளவு உணர்த்தும் கருவி ஒன்று ஓட்டுநரின் இடக்கைப் பக்கத்தில் இருக்கிறது. அது ஹேண்ட் பிரேக். அதன் பிடி நாளுக்கு நாள் கூடுதலாக மேலே வருகிறது என்றால் அதற்கு என்ன பொருள், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ஒரு பக்கம் திறந்த இரும்புக் கிண்ணம். அதற்குள் சுழலாமல் நிற்கும் ஒரு தகட்டின் மேல் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஷூவின் வெளிவளைவிலும் லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. ஷூக்களின் மேல்முனைகளுக்கு நடுவே ஒரு சிறிய சிலிண்டர் உண்டு. பட்டறைகளில் இதைப் ‘பின் பம்ப்’ என்பார்கள். கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் குழாய் வழியாக இந்தச் சிலிண்டருக்கு வந்து, அதிலுள்ள இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ளுகிறது. பிஸ்டன்கள் ஷூக்களை விரிக்கின்றன. லைனிங் டிரம்மின் உட்சுவரில் அழுந்தி உராய்கிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகின்றன. 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ வடிவமைத்ததாகக் கருதப்படும் டிரம் பிரேக்கின் அடிப்படை இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. அன்று கம்பியும் நெம்புகோலும் செய்த வேலையை இப்போது எண்ணெய் அழுத்தம் செய்கிறது.

டிஸ்க் பிரேக்குக்கு இல்லாத ஒரு குணம் டிரம்முக்கு உண்டு. கார் முன்னோக்கி ஓடும்போது சுழலும் டிரம், முன்பக்க ஷூவைத் தன்னோடு சேர்த்து இழுக்கப் பார்க்கிறது. அந்த ஷூவின் கீழ்முனை ஓரிடத்தில் தடுக்கப்பட்டிருப்பதால், அது டிரம்முக்குள் மேலும் ஆழமாக அழுந்துகிறது. அதாவது, நாம் மிதிக்கும் விசையோடு சக்கரத்தின் சுழற்சியே தன் பங்குக்குக் கொஞ்சம் விசையைச் சேர்க்கிறது. பின்பக்க ஷூவுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. அதைச் சுழற்சி டிரம்மிலிருந்து சற்றே விலக்குகிறது. முன் ஷூவின் லைனிங் பொதுவாக முதலில் தேய்வதற்குக் காரணம் இதுதான். டிரம்மைத் திறந்து பார்க்கிறவர் ஒரு ஷூ மெல்லியதாகவும் மற்றது தடிப்பாகவும் இருக்கக் கண்டால் உடனே பழுது என்று எண்ணிவிடக் கூடாது; ஆனால் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. எஞ்சிய பங்குக்கு டிரம் போதும். விலை குறைவு, ஹேண்ட் பிரேக்கையும் அதே ஷூக்களைக் கொண்டே இயக்கிவிடலாம், லைனிங்கும் நெடுநாள் உழைக்கும். சிக்கனக் கார்களில் டிரம் நீடிப்பதற்குக் காரணங்கள் இவைதாம். இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் பின் பிரேக் முக்கியமில்லை’ என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. அது ஆபத்தான முடிவு. பின்சக்கரங்கள் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே அளவாகப் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்த சாலையில் ஒரு பின்சக்கரம் மட்டும் சட்டென்று பூட்டிக்கொண்டால் காரின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கிச் சுற்றிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதி இல்லாத பழைய கார்களில் இதைத் திருப்பிப் பிடிப்பது பழகிய கைக்கும் கடினம்.

இப்போது ஹேண்ட் பிரேக்குக்கு வருவோம். பிடியை மேலே இழுக்கும்போது ஒரு கேபிள் இழுபட்டு, பின்பக்க ஷூவோடு இணைந்திருக்கும் சிறிய நெம்புகோலை அசைக்கிறது. அந்த நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் எண்ணெய் அழுத்தம் இல்லாமலேயே விரித்து டிரம்மில் அழுத்துகிறது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடக்க ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டும். ஆகவே பிடியும் கூடுதலாக மேலே வர வேண்டும். இதைத் தானாகச் சரிசெய்ய ஷூக்களுக்கு நடுவே ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. பற்கள் கொண்ட சிறிய சக்கரமும் மரை ஓடிய தண்டும் சேர்ந்தது அது. தேய்மானம் ஓர் அளவைத் தாண்டும்போது ஒரு சிறு கொக்கி அந்தப் பற்சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். தண்டு சற்றே நீண்டு ஷூக்களை வெளியே தள்ளி இடைவெளியைக் குறைக்கும். சில வண்டிகளில் கால் பிரேக்கை மிதிக்கும்போதும், வேறு சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதும் இது நடக்கிறது.

அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும் வரை லைனிங் தேய்ந்தாலும் பிடியின் உயரம் பெரிதாக மாறாது. அது வேலை செய்யாமல் போவதுதான் நம் ஊர் வண்டிகளில் அடிக்கடி நேர்கிறது. தோட்டப்புறத்துச் செம்மண் தூசி, மழைநீர், லைனிங்கிலிருந்து உதிரும் பொடி மூன்றும் சேர்ந்து அட்ஜஸ்டரின் மரையில் படிந்து இறுகிவிடுகின்றன. இதற்கு ஒரு சின்னக் காரணம் பல வண்டிகளில் உண்டு. டிரம்மின் பின்தகட்டில், அட்ஜஸ்டரை வெளியிலிருந்தே திருப்புவதற்காக விரல் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். எப்போதோ யாரோ கழற்றியவர் அந்த மூடியைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். அந்தத் துளை வழியாகச் சேறு உள்ளே போய், காய்ந்து, டிரம்மைக் கழற்றும்போது பற்சக்கரத்தின் பற்களே தெரியாத அளவுக்குச் செங்கல் நிறத்தில் கட்டியாகப் பிடித்திருக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அந்த மூடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலையாக வாங்கிப் போட வேண்டியவை அவை.

பட்டறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும், “அண்ணே, ஹேண்ட் பிரேக் ரொம்ப மேல வருது, கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். பிடியின் அடியில் உள்ள நட்டைத் திருகிக் கேபிளை இழுத்து வைப்பது சில நிமிட வேலை. பிடி உடனே கீழே வந்துவிடும். வந்தவரும் மனநிறைவோடு போய்விடுவார். இந்த ஒரு பழக்கத்தை நம் மக்கள் விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தேய்ந்த லைனிங்கோ இறுகிப்போன அட்ஜஸ்டரோ உள்ளே அப்படியே இருக்க, கேபிளை மட்டும் இழுத்து வைத்தால், ஷூவிலுள்ள நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அப்படி நின்றால் பல வண்டிகளில் அட்ஜஸ்டர் நகரவே நகராது. ஷூக்கள் முழுமையாக உள்வாங்காமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடவும் கூடும். கால் பிரேக்கின் மிதி ஆழமாக இறங்குவதும் சரியாகாது. முதலில் டிரம்மைத் திறந்து லைனிங்கைப் பார்த்து, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரியாக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகும் பிடி உயர்ந்தே இருந்தால் மட்டுமே கேபிளில் கை வைக்க வேண்டும். கேபிள் நீண்டுபோவதும் உண்மைதான், ஆனால் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள்.

பிடி எவ்வளவு உயர வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். பிடியை இழுக்கும்போது எத்தனை ‘கிளிக்’ ஓசை கேட்க வேண்டும் என்று காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும்; பல சிறிய கார்களில் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையே இருக்கும். பிரேக்கெல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே உங்கள் வண்டியில் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று கூடினால் உடனே தெரிந்துவிடும்.

இன்னோர் அறிகுறி கால் மிதியிலேயே உண்டு. முதல் மிதியில் மிதி ஆழமாக இறங்கி, உடனே இரண்டாம் முறை மிதித்தால் மேலேயே நிற்கிறது என்றால், பின் ஷூக்களின் இடைவெளி கூடியிருக்க வாய்ப்பு அதிகம். முதல் மிதியில் வந்த எண்ணெய் இடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. ஷூக்கள் திரும்புவதற்குள் மீண்டும் மிதிப்பதால் பிடிப்பு கிடைக்கிறது. மிதி பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் அது வேறு கோளாறு. குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பின்டயரின் உட்பக்கத்தில் ஈரக் கசிவு, ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக் கருகல் வாடை வீசுவது, இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம் ஆகியவை தெரிந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோவதே சரி.

டிரம்மைத் திறந்து பார்ப்பது, கருவிகளைக் கையாளத் தெரிந்த தொடக்கநிலையாளரும் செய்யக்கூடிய வேலைதான். சமதளத்தில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால் அந்தக் கட்டைகள்தாம் காரைப் பிடித்து நிறுத்துபவை. ஜாக்கை மட்டும் நம்பிக் கை கால்களைக் காருக்கு அடியில் நுழைக்கவே கூடாது. ஜாக் ஸ்டாண்ட் அவசியம். சக்கரத்தைக் கழற்றிய பின் டிரம் எளிதில் வராது. நடுவில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பல கார்களின் டிரம் முகப்பில் இரண்டு மரைத்துளைகள் இருப்பதைக் காணலாம். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் பொருந்தும். இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் அவை டிரம்மை நேராக வெளியே தள்ளும். சம்மட்டியால் ஓங்கி அடித்து விளிம்பை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. இந்தத் துளைகள் இருப்பதே அதைத் தவிர்ப்பதற்குத்தான். சில பழைய கார்களில் டிரம்மும் பேரிங்கும் ஒன்றாக இருக்கும். அவற்றை நடு நட்டைக் கழற்றித்தான் எடுக்க முடியும் என்பதால் பட்டறையில் விடுவது நல்லது.

டிரம் கழன்றதும் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் பொடி குவிந்திருக்கும். அதை வாயால் ஊதவோ, டயர்க் கடைக் காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. மிகப் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு; அது இல்லாத லைனிங்கின் பொடியும் நுரையீரலுக்கு நல்லதன்று. பிரேக் கிளீனரைத் தெளித்தோ ஈரத்துணியால் துடைத்தோ எடுப்பதே முறை. பிறகு லைனிங்கின் தடிப்பை அளக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு 1 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்காமல் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடும்படி நான் சொல்வேன். ஷூ விலை அதிகமில்லை. தேய்ந்துபோன ஷூவின் இரும்பு டிரம்மைக் கீறிவிட்டால் டிரம்மையும் சேர்த்து வாங்க நேரிடும். டிரம்முக்கும் எல்லை உண்டு. அதன் மேலேயே உள்விட்டத்தின் உச்ச அளவு அச்சிடப்பட்டிருக்கும். புதிய அளவைவிடப் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இருக்கும். லேத்தில் கடைந்து சமப்படுத்தச் சொல்லும்போது இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

பின் பம்பின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளின் விளிம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தால் அச்சமில்லை. எண்ணெய் வழிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் பட்ட லைனிங் சில நேரம் பிடிக்காது, சில நேரம் அளவுக்கு மீறிக் கவ்விக்கொள்ளும். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் போடுவது பல இடங்களில் நடக்கிறது. லைனிங் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருக்கும், சூடேறும்போது அது மறுபடி வெளியே வரும். ஆகவே மாற்றியே ஆக வேண்டும். அதுவும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் முன்பு சொன்ன ஒரு பக்கப் பிடிப்பு வந்துவிடும். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மிதித்தால் பிஸ்டன்கள் வெளியே தெறித்து எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும்.

ஷூக்களைக் கழற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகளின் இடத்தில் ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒன்றோடொன்று மாற்றிவிடக் கூடாது. பொதுவாக ஒன்றின் மரை வலச்சுற்று, மற்றது இடச்சுற்று; மாற்றிப் போட்டால் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். அட்ஜஸ்டரின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விரலாலேயே தங்குதடையின்றித் திருப்ப முடிகிற வரை சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீசைத் துளியளவு பூசுங்கள். பின்தகட்டில் ஷூவின் விளிம்பு உரசும் மேடைகளிலும் அதே அளவு போதும். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கில் வழிந்துவிடும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், பழைய மலைச்சாலை வழியாக 1,300 மீட்டர் உயரம் இறங்கினால், விடுபடும் ஆற்றல் சுமார் 1 கோடியே 40 லட்சம் ஜூல். 45 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதன் பெரும்பகுதியை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரிலேயே வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் நான்கு சக்கரங்களில்தான் இறங்கும். டிரம் மூடிய பாத்திரம் என்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது, மிதி ஆழமாகப் போகிறது. லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. இதோடு பிரேக் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 3’ எனும் தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டினால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். நம் நாட்டு ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை முழுவதுமாக மாற்றுவது ஆடம்பரச் செலவன்று.

மழைக்காலத்தில் தோட்டச் சாலையில் தேங்கிய நீரைக் கடந்து வந்தால், டிரம்முக்குள் புகுந்த நீர் வடியும் வரை பிரேக் சரியாகப் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி மிதியைச் சில முறை லேசாக அழுத்தினால் உள்ளே காய்ந்துவிடும். அப்படி நனைந்த காரை ஹேண்ட் பிரேக் இழுத்தபடி பல நாள் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு வெளியூர் போகிறவர்கள், சமதளமாக இருந்தால் காரைக் கியரிலோ, ஆட்டோ கார் என்றால் ‘பி’ நிலையிலோ வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுப் போகலாம்.

டிரம்மைத் திரும்பப் பொருத்தியதும், பின்தகட்டுத் துளை வழியாகத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பற்சக்கரத்தைத் திருப்பி, டிரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகும் வரை கொண்டுபோய், பிறகு லேசான உரசலோடு தாராளமாகச் சுழலும் வரை சில பற்கள் பின்வாங்க வேண்டும். சில வண்டிகளில் பின்வாங்கும்போது கொக்கியை இன்னொரு மெல்லிய கம்பியால் விலக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் உரசல் ஒரே அளவாக இருக்கட்டும். ரப்பர் மூடியைப் போடுங்கள். காரை நகர்த்தும் முன் மிதி கெட்டிப்படும் வரை பலமுறை மிதித்து, ஹேண்ட் பிரேக்கின் கிளிக்குகளை எண்ணுங்கள். புதிய ஷூக்கள் டிரம்மோடு படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை திடீர்ப் பிரேக் தவிர்க்கப்பட வேண்டும், மலைப்பாதையும் வேண்டாம். சக்கர நட்டுகளை முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை மீண்டும் இறுக்கிச் சரிபார்த்துவிட்டு, அன்றைய தேதியையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மண்சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அடுத்த திறப்பு ஓராண்டுக்குள் வர வேண்டும்.